ஆஃப் அக்கா

என் அக்காவுக்கு அப்பாவும் அம்மாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதை மின்சார பில்லில் மட்டும்தான் பார்க்கலாம். மற்றபடி வண்டி ஓட்டுகிறவன், வண்டி கழுவுகிறவன், பெட்ரோல் போடுகிறவன் எல்லோருக்கும் அவள் "ஆஃப் அக்கா". வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்பார்களே, அந்த ஆஃப். இந்தப் பெயரை அவளுக்கு வாங்கிக் கொடுத்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் நாசமாய்ப் போக என்று தினமும் காலையில் கண்ணைத் திறந்ததும் சபித்துவிட்டுத்தான் நான் பல் துலக்கப் போவேன். அக்காவுக்குச் சபிக்க வராது. அதனால் அவள் பங்கையும் நானே சேர்த்துப் பார்த்துக்கொண்டேன்.

அவனுக்குப் பட்டப்பெயர் ஹீரோ. யாரும் வைக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டான். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பின் சக்கரத்தில் மட்டும் வட்டம் போட்டுக் காட்டுவது அவன் தொழில். வீலிங் என்போம். புதுக் கடை திறப்பு, கல்லூரி விழா, பொருட்காட்சித் திடல் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவோம். அவன் ஓட்டியது மிகச் சின்ன வண்டி. உட்கார்ந்தால் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். அதற்குக் குட்டி என்று பெயர். குட்டியின் இன்ஜினைப் பார்த்துக்கொண்டது அக்கா. ஹீரோவுக்குப் பின்னால் நின்றது நான். முன் சக்கரம் மேலே போனதும், பின் அச்சில் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கட்டைகளில் கால் வைத்து, அவன் தோளைப் பிடித்து எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துக் கையாட்ட வேண்டும். பயமா இருக்காதா என்று கேட்பார்கள். என்ன பயம்? இன்ஜின் அக்கா கையில் இருந்தது.

அதற்கு முன்னால் அவள் தண்ணீர் இறைக்கிற சின்ன இன்ஜின்கள், மருந்தடிக்கிற இன்ஜின்கள், ஜெனரேட்டர்கள் இவற்றைத்தான் பழுது பார்த்துக்கொண்டிருந்தாள். எங்களுக்கு இரண்டே அறைகள். முன்னறை பட்டறை, பின்னறையில் நாங்கள். சோப்புத் தூள் போட்டுத் தேய்த்தாலும் அவள் நகக்கண்ணில் கறுப்பு போகாது. வேலை செய்யும்போது திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொள்வாள். அப்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது, முறைப்புதான் வரும். பேசுவதெல்லாம் இன்ஜினோடுதான். நாத்தனாரிடம் பேசுகிற மாதிரி பேசுவாள். "ஏண்டி, உனக்கு என்ன குறை வச்சேன்? ஆயில் இருக்கு, பெட்ரோல் இருக்கு, புது பிளக் போட்டிருக்கேன். இன்னும் என்ன முக்கல் முனகல்?" என்பாள். பிறகு இன்ஜினுக்குப் பக்கத்தில் காதை வைத்துப் பதிலைக் கேட்பாள்.

வீலிங்கில் இன்ஜினை நிற்காமல் ஓடவைப்பது லேசுப்பட்ட வேலை இல்லை. வண்டி நட்டுக்கொண்டு நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கம் ஓடிவிடும். ஆயில் பின்னால் போய்விட்டால் ஆயில் பம்ப் வெறும் காற்றைத்தான் குடிக்கும். கார்பரேட்டருக்குள் பெட்ரோல் அளவைப் பார்த்துக்கொள்ள ஒரு மிதவை இருக்கிறது. அது சாய்ந்துகொண்டு, ஒன்று பெட்ரோலை அடைத்துவிடும், இல்லாவிட்டால் கண்டபடி விட்டுவிடும். வட்டம் போடுகிறவன் மல்லாந்து விழாமல் இருக்கப் பின் பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். தொட்ட மாத்திரத்தில் சின்ன இன்ஜின் மூச்சு நின்றுவிடும். அக்கா ஆயிலை அளவுக்குக் கொஞ்சம் மேலேயே ஊற்றுவாள். குட்டியைச் சுவரில் சாய்த்துச் செங்குத்தாக நிறுத்தி, மிதவையின் நாக்கை மயிரிழை வளைத்து, மறுபடி சாய்த்து, மறுபடி வளைப்பாள். ஐட்லிங்கை ஏற்றி வைப்பாள். ஆக்சிலேட்டரைத் தொடாவிட்டாலும் குட்டி உறுமிக்கொண்டே இருக்கும்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிரச்சினை வெள்ளைப் பேன்ட்டில் வந்தது.

ஹீரோ எப்போதும் வெள்ளைப் பேன்ட்தான் போடுவான். எப்போதும் சூயிங்கம் மென்றுகொண்டிருப்பான். தூங்கும்போதாவது துப்புவானா என்பது எனக்குச் சந்தேகம்தான். பெட்ரோல் டேங்க் மூடியில் ஊசி போகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. பெட்ரோல் கீழே இறங்க இறங்க அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்குக்குள் காற்று போக வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கினால் டேங்க் ஓட்டுகிறவன் பக்கம் சாயும். அந்த ஓட்டை வழியாக நாலு சொட்டு பெட்ரோல் வடிந்து அவன் மடியில் விழும். விழுகிற இடம் அப்படிப்பட்ட இடம்.

"அக்கா, இது என்ன அசிங்கம்? ஜனங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?" என்று குதித்தான்.

"அது டேங்க் மூச்சு விடுற ஓட்டைடா. நாலு சொட்டுதானே, துடைச்சுக்கோ. இல்லைன்னா கறுப்புப் பேன்ட் போட்டுக்கோ."

"கறுப்பா? நான் என்ன வில்லனா?"

அக்கா சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். அவனும் சிரித்தான். விஷயம் அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

அடுத்த நிகழ்ச்சி ஒரு பொருட்காட்சித் திடலில். நல்ல கூட்டம். குட்டி தூக்கியது, நான் எழுந்து நின்றேன், கையாட்டினேன். பாதி வட்டத்தில் காலடியில் உறுமல் மெலிந்தது. ஒரு இருமல் வந்தது. அப்புறம் சத்தமே இல்லை. இழுக்கிற இன்ஜின் விட்டுவிட்டால் தூக்கிய சக்கரம் தொப்பென்று தரைக்கு வந்துவிடும். அவன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான். பிடித்துக்கொள்ள எனக்கு அவன் தோள்தான் இருந்தது, அதையும் அவன் உதறிவிட்டான். என் இடது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டை முறிகிற மாதிரியே சத்தம் கேட்டது.

கீழே கிடந்தபடி நான் கேட்டதைச் சொல்கிறேன். நிகழ்ச்சி நடத்துகிற மைக் மாமா பயந்து போய் மைக்கை ஹீரோ கையில் கொடுத்துவிட்டார். "ஒண்ணுமில்லீங்க, யாரும் பயப்படாதீங்க. இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு. அக்கா பார்த்த வண்டிங்க, அதான். அக்காவே ஆஃப்!" என்றான் அவன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. என் எலும்பு வெளியே தெரிந்துகொண்டிருந்தது, ஜனங்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் அக்காவுக்குப் பெயர் வைத்தது அப்படித்தான். அதோடு விட்டானா? பெட்ரோல் இருக்கிறதா என்று டேங்க் மூடியைத் திறந்து பார்த்தான், மூடினான், உதைத்தான். குட்டி ஒரே உதையில் உறுமியது. என் தலையை மடியில் வைத்துக்கொண்டிருந்த அக்கா அதை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பிப் போவதற்குள் குழு மூட்டை கட்டிவிட்டது. "இனிமே வராதீங்க" என்று மைக் மாமா போனில் சொன்னார். என் காலுக்குள் கம்பி வைத்தார்கள். இன்றைக்கும் நான் நடந்தால் ஒரு பக்கம் இழுக்கும். அக்கா சாப்பிடும்போதுகூட, "நின்ன வண்டி எப்படி உடனே ஸ்டார்ட் ஆச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். தப்பு தன்னுடையதோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கால் போனது போகட்டும், என் அக்காவுக்கே அவள் கைமேல் சந்தேகம் வரவைத்துவிட்டானே பாவி!

பதில் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. அன்றைக்குத் தரையில் அடித்ததில் குட்டியின் சட்டம் வளைந்துவிட்டதால் ஹீரோ புதுசு வாங்கிக்கொண்டு பழைய டேங்கை எடைக்குப் போட்டிருந்தான். அக்கா வேறு எதையோ தேடப் போனவள் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பட்டறை விளக்கின் கீழே மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தில் கல்லாய்க் காய்ந்த சூயிங்கம். அதன்மேல் ஒரு கட்டைவிரல் ரேகை, அச்சு அசலாக.

"மூச்சை அடைச்சிருக்கான். பெட்ரோல் எப்படி இறங்கும்? மூடியைத் திறந்ததும் காத்து உள்ளே போயிருக்கு. அதான் உடனே ஸ்டார்ட் ஆச்சு" என்றாள் அக்கா. அவள் அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு வாயில் திருகாணியைக் கவ்விக்கொண்டே அழுதாள்.

மூடியை எடுத்துக்கொண்டு மைக் மாமாவிடம் போனோம். அவர் சிரித்தார். "ஏம்மா, துளியூண்டு சூயிங்கத்துக்கு இன்ஜின் நிக்குமா? யார் காதுல பூ சுத்தறே? நீயே ஒட்டி எடுத்துட்டு வந்திருப்பே." ஹீரோவைக் கூப்பிட்டுக் கேட்டார். "சத்தியமா நான் ஒட்டலைங்க. என்ன காமெடி இது?" என்று சொல்லிக்கொண்டே அவன் மென்றுகொண்டிருந்தான். ஒட்டியது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, கண்ணில் தெரிந்தது. ஆனால் அதனால்தான் வண்டி நின்றது என்பதை அவனும் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை. வண்டிக்காரர்கள் வருவது நின்றுபோனது. பம்ப் கொண்டு வருகிறவர்கள்கூட, "ஆஃப் அக்கா, பாதியில ஆஃப் ஆகாதுல்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அக்கா அந்த மூடியைப் பட்டறைச் சுவரில் ஆணி அடித்து மாட்டினாள். "எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். வண்டி தானா நிக்கலை, நான்தான் நிறுத்தினேன்னு அவன் வாயால சொல்லணும். எந்த மைக்ல சிரிச்சானோ அந்த மைக்ல சொல்லணும்" என்றாள்.

"எனக்கு அது பத்தாது. அவன் கால் உடையணும்" என்றேன் நான்.

"சொன்னா உடைஞ்ச மாதிரிதான்" என்றாள்.

இப்படியே கறுவிக்கொண்டு இருந்தோம். என் தலைமுடியில் இரண்டொரு நரைகூட வந்துவிட்டது. ஒருநாள் பட்டறை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. இறங்கியது அவன்தான். அதே வெள்ளைப் பேன்ட், அதே அசை போடுகிற வாய். பின்னால் புது மனைவி. ஒல்லியாக, நல்ல முகவெட்டோடு இருந்தாள். இப்போது அவன் பின்னால் நிற்பது அவள்தானாம்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா?" என்றான், நேற்றுதான் பார்த்த மாதிரி. என் பக்கம் திரும்பவில்லை. "புதுக் குட்டி தூக்கினாலே நின்னுடுது. எல்லா மெக்கானிக்கும் பார்த்துட்டாங்க. பெரிய ஷோரூம் திறப்பு வருது, பெரிய திரையெல்லாம் கட்டறாங்க. நீங்கதான் கைகொடுக்கணும். பழசையெல்லாம் மறந்துடலாம்க்கா."

மறந்துவிடலாமாம்! உடைந்தது அவன் காலா? எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் கிடந்த ஸ்பேனரை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து ஸ்பேனரை வாங்கி, அதே ஸ்பேனரால் அவன் வண்டியைத் திறக்க ஆரம்பித்தாள்.

"விட்டுட்டுப் போ. பார்க்கறேன்" என்றாள்.

அவர்கள் போன பிறகு வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். வெட்கம் இல்லையா, மானம் இல்லையா, என் காலைப் பார்த்தால் உனக்கு ஒன்றும் தோன்றவில்லையா என்றேன். டேங்கில் மண்ணை அள்ளிப் போடு என்றேன்.

"இன்ஜின் உனக்கு என்னடி பண்ணுச்சு?" என்றாள் அக்கா. பிறகு சுவரைக் காட்டினாள். "அவன் பேன்ட்டைப் பார்த்தியா? வாயைப் பார்த்தியா? ரெண்டும் மாறலை. அது போதும் எனக்கு."

புதுக் குட்டியை மனம் வைத்துப் பார்த்தாள். மிதவைதான் கோளாறு. வளைத்தாள், சாய்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். ஆயில், பிளக், ஐட்லிங், எதிலும் கஞ்சத்தனம் பண்ணவில்லை. சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் குட்டி உறுமிக்கொண்டே இருந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. எதிரியின் வண்டிக்கு இத்தனை சிசுருஷையா?

கடைசியில் அவள் ஆணியிலிருந்து பழைய மூடியை எடுத்தாள். சூயிங்கத்தைப் பிளேடால் உடையாமல் பெயர்த்து ஒரு சின்ன டப்பாவில் போட்டாள். மூடியின் ஓட்டையை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தாள். புது வண்டியின் மூடியில் பெட்ரோல் வெளியே வராமல் தடுக்க உள்ளே ஏதோ குண்டு வைத்திருந்தார்கள். அதைக் கழற்றி வைத்துவிட்டு, பழையதைப் போட்டுத் திருகினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. அடுத்த வேளைச் சோற்றுக்கு அவளுக்கு ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றினேன்.

ஷோரூம் திறப்பு நாள். முன்னால் பெரிய மைதானம், நடுவில் சுண்ணாம்பு வட்டம், ஒரு பக்கம் வீட்டு உயரத்துக்குத் திரை. கேமராக்காரன் ஹீரோவை விட்டு நகரவில்லை. டேங்கை விளிம்பு வரைக்கும் நிரப்பியது அக்காதான். மைக் மாமா, ஹீரோ, அவன் மனைவி மூன்று பேரையும் வைத்துக்கொண்டே தெளிவாகச் சொன்னாள்.

"இங்க பாரு. மூடியில ஓட்டை இருக்கு. தூக்கினா சொட்டும். அடைக்காதே. அடைச்சா வண்டி நிக்கும்."

"சரிங்க்கா, சரிங்க்கா" என்று சொல்லிவிட்டு அவன் மைக் மாமாவைப் பார்த்துக் கண்ணடித்தான். நான் அதைப் பார்த்தேன். கண்ணடி ராசா, கண்ணடி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

முதல் சுற்று அவன் தனியாக. குட்டி எழுந்து நின்றது. என்ன இன்ஜின்! பிரேக்கைத் தொட்டாலும் இருமல் இல்லை, முனகல் இல்லை. ஒரே சீரான உறுமல். பகைவன்கூடக் கையெடுத்துக் கும்பிடுவான். ஆனால் டேங்க் நிறைந்திருந்ததால் நாலு சொட்டு நாற்பது சொட்டாக வடிந்தது. வெள்ளைப் பேன்ட்டின் நடுவில் ஈரம் படர்ந்தது. திரையில் அது ஜமக்காளம் அளவுக்குத் தெரிந்தது. கூட்டத்தில் எவனோ, "அண்ணே, அவசரம்னா போயிட்டு வாங்கண்ணே!" என்று கத்தினான். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்த சிரிப்பு தெரியுமா? நானும் சேர்ந்து சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தேன்.

ஹீரோவின் முகம் சிவந்து போயிற்று. ஓரமாக வந்து நின்றான். அடுத்த சுற்று மனைவியோடு. துண்டால் மடியை மறைத்துக்கொண்டு, கேமராவுக்கு முதுகைக் காட்டிக் குனிந்தான். கேமராக்காரன் லேசுப்பட்டவன் இல்லை, சுற்றி முன்னால் வந்துவிட்டான். ஹீரோவின் விரல் வாய்க்குள் போனது. எடுத்தது. மூடிமேல் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தியது. அத்தனையும் வீட்டு உயரத்துக்குத் திரையில் ஓடியது.

மனைவி பின்னால் ஏறினாள். இரும்புக் கட்டையில் இடது காலை வைத்தாள். அக்கா எழுந்தாள். நான் அவள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுக்கா. போகட்டும். விழட்டும். நான் விழுந்த மாதிரி அவனும் விழணும்."

"அவன் விழமாட்டான்டி. அன்னைக்கு விழுந்தானா?" என்றாள் அக்கா. "அந்தப் பொண்ணு எங்க காலை வச்சிருக்கா பாரு."

பார்த்தேன். என் பிடி தானாகத் தளர்ந்துவிட்டது. அக்கா வட்டத்துக்குள் விறுவிறுவென்று நடந்து போய், குட்டி எழும்புவதற்கு முன்னால் ஹேண்டிலைப் பிடித்து, சுவிட்சைத் தட்டினாள். உறுமல் நின்றது. கூட்டத்துக்கும் அவளைத் தெரிந்திருந்தது. "ஆஃப் அக்கா! ஆஃப் அக்கா!" என்று கூச்சல் போட்டார்கள்.

அவள் மைக் மாமாவின் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டாள். பறித்தாள் என்றே சொல்லலாம். அந்தப் பெண்ணிடம், "நீ இறங்கும்மா. இவன் இப்ப மூடியில எதையோ ஒட்டினான். எல்லாரும் பார்த்தீங்க. தனியா ஓட்டட்டும். சக்கரத்தைத் தூக்க வேண்டாம், சும்மா வட்டம் போட்டா போதும்" என்றாள்.

"என்னக்கா இது, நிகழ்ச்சி நடுவுல?" என்று ஹீரோ பல்லைக் கடித்தான்.

அவன் மனைவி அதற்குள் இறங்கிவிட்டாள். அவள் என் காலைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். "ஒண்ணும் ஆகாதுன்னா ஓட்டுங்களேன். நான் பார்க்கணும்" என்றாள். அத்தனை ஜனத்துக்கு முன்னால் பெண்டாட்டி கேட்டுவிட்டாள், இனி எங்கே ஓடுவான்? உதைத்தான், கிளம்பினான். இரண்டு சக்கரமும் தரையில். ஒரு வட்டம், இன்னொரு வட்டம். அக்கா மைக்கை இடுப்பில் வைத்துக்கொண்டு காதைத் தீட்டினாள். வட்டங்கள் கூடக்கூட ஹீரோவின் முகத்தில் சிரிப்பும் கூடியது. ஒருவேளை நின்று தொலையாவிட்டால்? ஆயுசுக்கும் ஆஃப் அக்காதான். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள், உதட்டில் இல்லாத திருகாணியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சத்தம் மெலிந்தது. எனக்கு அந்த மெலிவு தெரியும், என் உள்ளங்கால் அதை மறக்கவே இல்லை. ஒரு இருமல். அப்புறம் ஒன்றுமில்லை. குட்டி வட்டத்தின் நடுவில் செத்து நின்றது. அவன் உதைத்தான், உதைத்தான், வேர்த்துக் கொட்ட உதைத்தான்.

அக்கா பக்கத்தில் போய் மைக்கை மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூடியை மெதுவாகத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. மைதானம் முழுக்க ஒலிபெருக்கியில் கேட்டது, தண்ணீருக்குள் முங்கி எழுந்தவன் மூச்சு வாங்குகிற மாதிரி. யாரும் சிரிக்கவில்லை. அவள் சூயிங்கத்தைப் பிய்த்து எறிந்துவிட்டு, மூடியைப் போட்டு மூடினாள். "இப்ப உதை" என்றாள். ஒரே உதை. குட்டி உறுமியது.

மைக் மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. ஹீரோவின் மனைவி தலைக்கவசத்தைக் கழற்றினாள். நேராக என்னிடம் வந்து, "இதனாலதானா?" என்று காலைக் காட்டிக் கேட்டாள். "இதனாலதான்" என்றேன். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் பிறகு அவள் எழுந்திருக்கவே இல்லை.

"தூக்குடா. நான் பார்த்த வண்டி நிக்குதான்னு ஜனங்க பார்க்கட்டும்" என்றாள் அக்கா.

தூக்கினான். வேறு என்ன செய்வான்? சுற்றினான். பெட்ரோல் வடிந்தது, பேன்ட் நனைந்தது. வட்டத்துக்கு வட்டம் ஜனங்கள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். கைதட்டல் யாருக்கு என்று அவனுக்கும் தெரியும். பெட்ரோல் தோலில் பட்டு எரிந்திருக்க வேண்டும், ஒரு கட்டத்தில் முகத்தைச் சுளித்துக்கொண்டே சக்கரத்தை இறக்கி அக்காவின் முன்னால் கொண்டு வந்து நிறுத்தினான். இன்ஜின் உறுமிக்கொண்டே இருந்தது. சுவிட்சுக்குக் கையைக் கொண்டு போனான்.

அக்கா சுவிட்சின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இரு. இப்ப நீ நிறுத்தினா நாளைக்கு அதுவா நின்னுச்சும்பே. மைக்ல சொல்லிட்டு நிறுத்து."

"அக்கா, எரியுதுக்கா. விடுங்கக்கா."

"என் தங்கச்சிக்கும் எரிஞ்சுது. சொல்லு."

அவன் மைக் மாமாவைப் பார்த்தான். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்தான். அவள் என் பக்கத்தில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். கடைசியாக, இத்தனை காலத்தில் முதல் தடவையாக, என்னைப் பார்த்தான். மைக்கில் முதலில் மூச்சுதான் வந்தது.

"வண்டி... தானா நிக்கலை. அன்னைக்கும் தானா நிக்கலை. நான்தான் நிறுத்தினேன்."

அக்கா கையை எடுத்தாள். அவன் சுவிட்சைத் தட்டினான். அவ்வளவு பெரிய மைதானத்தில் அந்தச் சின்ன டிக் சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா மூடியைத் திருகி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இது என்னுது" என்று சொல்லிவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

இப்போதும் அவளை ஆஃப் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் வண்டியை விட்டுவிட்டுப் போகும்போது நிற்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஷோரூம் திறப்புக்கு மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தேன். காலில் கம்பி வைத்த இடம் எப்போதும் போல வலித்தது. அவன் நாசமாய்ப் போக என்று வாய் நிறையச் சபித்தேன். பக்கத்துப் பாயில் அக்கா வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் பங்கை மட்டும் சபிக்காமல் விட்டுவிட்டுப் பல் துலக்கப் போனேன்.